கட்டில் சத்தம்

கோவில்பதாகை, ஆவடி
4.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுதா எழுதுகிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? சிக்கமகளூரில் மழை விட்டதா, இல்லை இன்னும் எஸ்டேட் ஆபீசுக்குக் குடை பிடித்துக்கொண்டுதான் போகிறாயா?

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். அந்த மலையில் உனக்குச் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். கிடைக்கிற நாளிலும் என்னால் பேச முடியவில்லை. எங்கள் வீடு உனக்குத் தெரியாததா? ஒரு ஹால், ஒரு சமையலறை. என் வீட்டுக்காரர் கட்டில் ஹாலில். நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும். அவரைப் பற்றி அவர் எதிரிலேயே என்னவென்று பேசுவது? அதனால்தான் தபால்காரரை நம்பி உட்கார்ந்துவிட்டேன்.

பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் நீ பார்த்தபோது எப்படி இருந்தாரோ அப்படித்தான். வலது கையும் காலும் அசையவில்லை. வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல் வருகிறது. குமணன்சாவடி. பசிக்கிறதா என்றால் குமணன்சாவடி. தலை வலிக்கிறதா என்றால் குமணன்சாவடி. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று எத்தனை ஸ்டாப்பிங் பேரைக் கூவியிருப்பார்! எல்லாம் போய் இது ஒன்று மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாம் பேசுவது அவருக்குப் புரிகிறதா என்று டாக்டரைக் கேட்டால், "சொல்ல முடியாதும்மா" என்கிறார். பேச்சு போனவர்களில் சிலருக்குப் புரிதல் மிச்சம் இருக்குமாம், சிலருக்கு அதுவும் போய்விடுமாம். இவர் எந்த ரகம் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு தொல்லை. இடது கையால் கட்டிலின் இரும்புச் சட்டத்தை டங் டங்கென்று தட்டுகிறார். நேரம் காலம் கிடையாது. கை தன்னால் ஆடும், கண்டுகொள்ளாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அங்கம்மா கண்டுகொள்கிறாளே! "இன்னா சுதா, ஊட்ல பட்டறை கிட்டறை போட்டுகீறியா?" என்று மதில் மேலே தலையை நீட்டிக் கேட்கிறாள்.

அவர் தம்பி தேவராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான். நல்லவன்தான். ஆனால் வந்தால் ஒரே பேச்சு. "அண்ணி, திருவள்ளூர் பக்கம் ஒரு ஹோம் கீது. நல்லா பாத்துக்கிறாங்கோ. நீ எத்தினி நாளிக்கு இப்டி ஒண்டியா மாரடிப்ப?" பிள்ளை குட்டி இல்லாத வீடு, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அவன் கேட்பதும் நியாயம்தான். டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போகக் கூடாதா? ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியவன்தானே.

பனியில் தலைக்குத் துண்டில்லாமல் அலையாதே.

உன் தங்கை,
சுதா


சிக்கமகளூரு
16.8.2024

அன்புத் தங்கை சுதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது, அதைப் பார்த்ததிலேயே பாதி தெம்பு வந்துவிட்டது. முட்டி அப்படியேதான். மழை விட்டபாடில்லை. உனக்கு பிரஷர் மாத்திரை வேளாவேளைக்குப் போகிறதா? அவனைப் பார்க்கிற அவசரத்தில் உன்னை மறந்துவிடாதே.

நாகுவின் வாயில் குமணன்சாவடி வருகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. பெங்களூர் பஸ்ஸில் வந்து நான் எப்போதும் இறங்குவது அங்கேதானே. அவன் டிவிஎஸ் வண்டியோடு டீக்கடை பக்கத்தில் நிற்பான். "இன்னா மச்சான், மலையில சோறு போடறாங்களா இல்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை வாங்குவான். ஒருவேளை என்னைத்தான் கூப்பிடுகிறானோ என்னவோ.

தேவராஜ் சொல்வதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடாதே. உன் அம்பத்தூர் வேலை என்ன ஆவது? கம்பெனிக்காரன் எத்தனை நாள் காத்திருப்பான்? நாகுவுக்கு எதுவும் புரியவில்லை என்றால், எங்கே இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதானே. புரிகிற நீதான் அங்கே தேய்ந்துகொண்டிருக்கிறாய்.

வருகிறேன். இப்போது ஆபீசில் ஆள் இல்லை. காப்பித்தூள் அனுப்பியிருக்கிறேன், சிக்கரி கலக்காதது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
கிருபாகரன்


கோவில்பதாகை
3.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எனக்கு பிரஷர் அடங்கியிருக்கிறது, உன் காப்பியைக் குடித்து மறுபடி ஏறாமல் இருந்தால் சரி. உனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே?

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. நான் சூப்பர்வைசராக இருந்த தையல் லைனுக்கு வேறு பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்களாம். பொங்கலுக்குள் வந்தால் இடம் இருக்கும், இல்லாவிட்டால் அவளே நிரந்தரம். அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகச் சொன்னால் வேலை போகாதா என்ன?

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. திருவேற்காடு பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி நடக்கிறதாம். மனுஷ மூளையையும் கம்ப்யூட்டர் மூளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்களாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்கள், கம்ப்யூட்டர்காரர்கள், மனோதத்துவம் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்கிறார்கள். அங்கிருந்து வர்ஷா என்று ஒரு பெண் வந்தாள். பேச்சுப் பயிற்சிக்குப் படித்தவள். இவரைச் சோதித்துப் பார்ப்பார்களாம். புரிதல் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களே வாரம் மூன்று நாள் காலையில் வைத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பார்களாம். அப்படி நடந்தால் ஹோமும் வேண்டாம், என் வேலையும் போகாது. அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே கும்பிட்டேன் அண்ணா.

கட்டில் சத்தத்துக்கும் ஒரு வழி பண்ணிவிட்டேன். அங்கம்மா தொல்லை தாங்கவில்லை. பழைய போர்வையைக் கிழித்து அந்த இரும்புச் சட்டத்தைச் சுற்றிக் கட்டிவிட்டேன். இப்போது எவ்வளவு தட்டினாலும் தொப்பு தொப்பென்றுதான் கேட்கிறது. முதல் நாள் ரொம்ப நேரம் தட்டினார். அப்புறம் குறைத்துக்கொண்டார். வீடு அமைதியாக இருக்கிறது.

நீ எப்போது வருகிறாய் என்று எழுதவே இல்லையே.

சுதா


சிக்கமகளூரு
22.9.2024

அன்புள்ள சுதா,

நலம். முட்டிக்குப் புதுத் தைலம் தடவுகிறேன், நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, வலி போகவில்லை.

கம்ப்யூட்டரையும் நாகுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கம்ப்யூட்டர் சில்லறையைச் சரியாகக் கொடுக்கும், இவன் கொடுக்கமாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். தமாஷுக்குச் சொன்னேன். கூட்டிக்கொண்டு போ. ஆனால் ரொம்ப ஆசை வைக்காதே. ஆசை வைத்து விழுந்தால் உன்னைத் தூக்கிவிட அங்கே யார் இருக்கிறார்கள்?

அண்ணன்


கோவில்பதாகை
14.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அவரும் சௌக்கியம். உன் கடிதம் நாலு வரியில் முடிந்துவிட்டது. தைல பாட்டிலில் மை தொட்டு எழுதினாயா?

போன வாரம் போய்விட்டு வந்தோம். தேவராஜும் ஆட்டோக்காரரும் இரண்டு பக்கமும் தாங்கி அவரை ஏற்றி இறக்கினார்கள். வழியெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திருவேற்காடு கோவில் வளைவைத் தாண்டும்போது குமணன்சாவடி என்றார். ஆட்டோக்காரர், "சார், அது இன்னும் தூரம்" என்று பொறுப்பாகப் பதில் சொன்னார்.

அங்கே நிர்மல் என்று ஒரு பையன், கம்ப்யூட்டர்காரன். மதுரைப் பக்கமாம், இப்போது திருவேற்காட்டில் ஃப்ளாட்டில் இருக்கிறான். பேசுகிற கம்ப்யூட்டரை எனக்குக் காட்டினான். "எது வேணும்னாலும் கேளுங்கக்கா" என்றான். எனக்கு என்ன கேட்கத் தெரியும்? என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வரவில்லை என்றேன். உடனே அது பெண் குரலில், அத்தனை இதமாக, "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. நீங்கள் தனியாக இல்லை" என்றது. இந்த ஐந்து மாதத்தில் ஒரு மனுஷர் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மெய்யாலுமே புரியுதா தம்பி?" என்று கேட்டேன்.

"அதாங்கா எங்களுக்கும் தெரியல. அதுக்குத்தான் இத்தனை பேர் உக்காந்து மண்டைய உடைச்சுக்கிறோம்" என்றான்.

வர்ஷா விளக்கினாள். "இது எல்லாம் பேசுது, உள்ள ஒரு ஆள் இருக்கான்னு தெரியல. சார் எதுவும் பேசல, உள்ள அவர் இருக்காரான்னு தெரியல. ரெண்டு பேர்கிட்டயும் நாங்க கேக்கறது ஒரே கேள்விதாம்மா." எனக்கு அது சரி என்றும் பட்டது, ரொம்ப அநியாயம் என்றும் பட்டது. அந்தப் பெட்டிக்கும் இவருக்கும் ஒரே கேள்வியா?

சோதனைக்கு என்னை உள்ளே விடவில்லை. வீட்டு மனுஷர் இருந்தால் கண்ணைக் காட்டி விடை சொல்லிவிடுவார்களாம். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கல் தண்ணீரில் மிதக்குமா, பூனைக்கு வால் உண்டா, இப்படிச் சின்னச் சின்னக் கேள்வியாக ஐம்பது இருக்கிறதாம். அவர் ஆமாம், இல்லை என்று காட்டினால் போதும். அதே ஐம்பதை அந்தக் கம்ப்யூட்டரிடமும் கேட்பார்களாம்.

முடிந்து வெளியே வந்தபோது அவர் முகம் தெளிவாக இருந்தது. டூட்டி முடிந்து டிப்போவிலிருந்து வருவாரே, அந்த முகம். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

உன் தைலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டரைப் பார்.

சுதா


கோவில்பதாகை
6.11.2024

அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தீபாவளிக்கும் இல்லை. நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ரிசல்ட் வந்துவிட்டது. ஐம்பதில் நாலுதான் சரி. கம்ப்யூட்டருக்கு நாற்பத்தொன்பது. ஒன்றே ஒன்றில்தான் தவறியதாம். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு ஆமாம் என்றதாம்.

வர்ஷாவே நேரில் வந்து சொன்னாள், பாவம். "புரிதல் இருக்கற மாதிரி தெரியலம்மா" என்று சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. புரிதல் இருப்பவர்களுக்குத்தான் அவர்கள் பயிற்சி பயன்படுமாம். அவள் என்ன செய்வாள்?

அந்தப் பெட்டிக்கு என் வேதனை புரிகிறதாம். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷருக்கு நான் யார் என்றே புரியவில்லையாம். அன்றைக்குச் சமைக்கவில்லை. பால் மட்டும் காய்ச்சி அவருக்குக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

தேவராஜிடம் சரி என்று சொல்லிவிட்டேன். டிசம்பர் முதல் வாரத்தில் இடம் காலியாகிறதாம். வண்டி அவனே ஏற்பாடு செய்கிறான்.

இனிமேல் கடிதம் எதற்கு, போனிலேயே பேசலாம் என்று நினைத்தேன். அவருக்குத்தான் எதுவும் புரியாதே. நேற்று உனக்கு அடித்தேன், ரிங் போனது. நீ எடுப்பதற்குள் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹோம் என்ற வார்த்தையை என்னால் அவர் எதிரில் சொல்ல முடியாது என்று தெரிந்துபோனது. போனை வைத்துவிட்டேன். அந்த மிஸ்டு கால் நான்தான். ஐம்பது கேள்வி கேட்டு, அவருக்குப் புரியாது என்று சொல்லிவிட்டார்கள், என் வாய்க்கு மட்டும் அது புரியவில்லை.

சுதா


சிக்கமகளூரு
17.11.2024

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். தீபாவளிக்கு எழுதாதது தப்புதான். எழுத உட்கார்ந்தேன், என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

நீ எடுத்த முடிவு சரி. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இதையே உனக்கு நீ சொல்லிக்கொள். அவனை யாரும் தெருவில் விடவில்லை. பார்த்துக்கொள்ளும் இடத்தில் விடுகிறோம். நீ ஞாயிறுதோறும் போய்ப் பார். உன் வேலைக்குத் திரும்பு.

அவன் எதிரில் பேச முடியவில்லை என்றாயே, அது உன்னுடைய பழக்கம் சுதா. அவனுக்குப் புரிவதற்கு அது அத்தாட்சி ஆகாது. புருஷன் எதிரில் பேசக் கூடாததை நீ என்றைக்கும் பேசியதில்லை. அவ்வளவுதான். புரியவில்லை என்பதை நீ நிம்மதியாக எடுத்துக்கொள்ளப் பார். இப்படி ஆகிவிட்டோமே என்பதும் அவனுக்குத் தெரியாது, யார் என்ன பேசினார்கள் என்பதும் தெரியாது. நான் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இங்கே காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. இப்போது லீவு கேட்க முடியாது. அவனை அனுப்புகிற அன்றைக்கு நான் அங்கே இருந்திருக்க வேண்டும். தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


கோவில்பதாகை
1.12.2024

அண்ணா!

நாங்கள் நலம். நாங்கள் இருவரும் நலம். அண்ணா, அவர் இருக்கிறார். முழுசாக உள்ளே இருக்கிறார். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இன்றைக்கு ஞாயிறு. புதன்கிழமை வண்டி வருகிறது என்று சொல்ல தேவராஜ் காலையிலேயே வந்திருந்தான். நான் அவர் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நிர்மலும் வர்ஷாவும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். நிர்மல் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, ஆமா இல்லன்னு கேட்டா, ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் பாதி சரியா வரும். காசு சுண்டிப் போட்டாலே பாதி வரும். சாருக்கு ஐம்பதுல நாலு. கம்ப்யூட்டர் மார்க்கையும் எல்லார் மார்க்கையும் வரிசையா போட்டுப் பாத்துட்டிருந்தேன், இது மட்டும் உறுத்துச்சு. இவ்வளவு கரெக்டா தப்பு பண்ணணும்னா எல்லாத்துக்கும் விடை தெரிஞ்சிருக்கணும்கா!"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாரா? அப்படிப்பட்ட குறும்பு அவருக்கு உண்டுதான், ஆனால் ஐம்பது கேள்விக்குமா? வர்ஷாவிடம், "எப்டிமா பதில் சொல்ல சொன்ன அவர?" என்று கேட்டேன்.

"தலையாட்டறது தெளிவா இல்லம்மா. அதனால மேஜைய தட்ட சொன்னேன். ஆமான்னா ஒரு தட்டு. இல்லன்னா ரெண்டு தட்டு."

கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது அண்ணா.

கண்டக்டரிடம் போய் ஒரு தட்டு ஆமாம் என்றால்! ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு தட்டினால் கிளம்ப வேண்டும். விசிலுக்கும் அதே கணக்குதான். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸின் தகரத்தில் அடித்த கை. அந்தக் கைக்கு ஒன்று என்றால் வேண்டாம், இரண்டு என்றால் சரி, போகலாம். நான் இதைச் சொன்னதும் வர்ஷா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தட்டுக் கணக்கைச் சொன்னது நீளமான வாக்கியம், அது அவருக்குப் பிடிபட்டிருக்காதாம். கேள்விகள் சின்னச் சின்னதாக இருந்ததால் பிடிபட்டிருக்கிறது. பதிலைக் கை தன் வழக்கப்படி சொல்லியிருக்கிறது.

அப்போதுதான் எனக்குக் கட்டில் ஞாபகம் வந்தது.

அண்ணா, அவர் மே மாதத்திலிருந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார். டங் என்றும் டங் டங் என்றும். கை தன்னால் ஆடுகிறது என்று நான் போர்வையைச் சுற்றிக் கட்டிவிட்டேன். மூன்று மாதம் அவர் வாயைக் கட்டி வைத்த பாவி நான். முடிச்சை அவிழ்க்க வரவில்லை, கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். அழுதுகொண்டேதான் வெட்டினேன்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க நாகேந்திரன்தானே?" என்றேன்.

டங் டங்.

"நான் உங்க தங்கச்சியா?"

டங். ஒன்றே ஒன்று. அத்தோடு ஒரு பார்வை. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குத் தெரிந்த பார்வை அது.

தேவராஜ் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். "அண்ணாத்தே, அந்த ஹோமுக்குப் போறியா?"

டங்! அடித்த அடியில் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டுவிட்டது. தேவராஜ் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "தெர்லியே அண்ணாத்தே, எனக்குத் தெர்லியே" என்று சின்னப் பிள்ளை போல அழுதான். இவர் அவன் தலையில் கையை வைத்து, "குமணன்சாவடி" என்றார். அவ்வளவு பரிவாக அந்த ஊர்ப் பேரை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நாளைக்கே பயிற்சிக்கு அழைத்து வரச் சொல்லிவிட்டாள் வர்ஷா. வண்டி வேண்டாம் என்று தேவராஜ் போன் பண்ணிவிட்டான். பையிலிருந்த சட்டைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். அந்த வேலை இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். அவருக்கு ஐந்து மாதமாக ரவை உப்புமா கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு தட்டியிருக்கிறார். இப்போது போய் தோசை வார்க்க வேண்டும்.

சுதா


சிக்கமகளூரு
10.12.2024

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். மேனேஜர் என்ன ஆயிற்று என்று கேட்டார். தூசி விழுந்துவிட்டது என்றேன். மழை பெய்கிற மலையில் ஏது தூசி?

என் நாகு. ஐம்பதில் நாலு வாங்கி பாஸான ஒரே ஆள் உலகத்தில் அவனாகத்தான் இருப்பான். அந்த நாலு எப்படித் தப்பியது என்று கேள், கணக்கில் அவன் எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னேதான்.

சுதா, ஒன்று கேட்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு இப்படிப் புரிய ஆரம்பித்ததா? இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலேயே காது கேட்டு எல்லாம் புரிந்திருக்குமா? நீ சாப்பிடப் போயிருந்தபோது நான்தான் கொஞ்ச நேரம் தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லக் கூடாததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனைக் கேட்டு எழுது.

வேண்டாம். கேட்காதே.

குமணன்சாவடி என்று அவன் சொல்வது என்னைத்தானா என்பதை மட்டும் வேண்டுமானால் கேள்.

உடம்பு, மாத்திரை, சாப்பாடு எல்லாம் கவனம்.

அண்ணன்


கோவில்பதாகை
22.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். கட்டிலும் சௌக்கியம். உன் முட்டியை இனி நீயே விசாரித்துக்கொள், அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

வாரத்தில் மூன்று காலை பயிற்சிக்குப் போகிறார். "சு" என்று சொல்ல வருகிறது. அது சுதாவா, சுண்டலா என்று வர்ஷா கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்தார், எனக்குக் கோபமாக வந்தது. பொங்கல் முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்புகிறேன், கொஞ்சம் தள்ளினாலும் லைன் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற நேரத்தில் அங்கம்மா வந்து உட்கார்ந்துகொள்வாள். நிர்மல் அவர்கள் சோதனையையே மாற்றிவிட்டானாம். இனிமேல் யாரைச் சோதித்தாலும், இந்த மனுஷர் இதுவரைக்கும் எப்படி ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் முதல் கேள்வியாம். "கம்ப்யூட்டர்கிட்டயும் அப்டியே கேப்பியா?" என்றேன். "அதுக்கு வீடே இல்லையேக்கா, யாரைப் போய்க் கேக்கறது?" என்றான். ரெண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பெட்டி அன்றைக்கு என்னிடம் சொன்ன ஆறுதலுக்கு எனக்கு இன்னும் நன்றி இருக்கிறது, உள்ளே ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இப்போது உன் விஷயம்.

கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்டுவிட்டேன். தங்கை என்றால் அப்படித்தான்.

முதலில் குமணன்சாவடி. "அது அண்ணன கூப்புடறதா?" என்றேன். டங். இல்லையாம். வர்ஷாவும் அதையே சொல்கிறாள், மிச்சம் மாட்டிக்கொண்ட ஒரு சொல், அவ்வளவுதான் என்று. உன் ஆசையில் மண்.

அடுத்தது. "ஆஸ்பத்திரில அண்ணன் ஒண்டியா உக்காந்து பேசினது உங்களுக்கு கேட்டுச்சா?" என்றேன்.

கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டங் டங்.

நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அவரால் சொல்ல முடியாது, நான் உன்னைக் கேட்கப் போவதும் இல்லை. ஏழு மாதமாக நீ ஏன் வரவில்லை என்பது மட்டும் எனக்கு இப்போது புரிகிறது. பயந்தாங்கொள்ளி.

"கோவமா கீறீங்களா அண்ணன் மேல?" என்றேன்.

டங். யோசிக்கவே இல்லை அண்ணா, கேட்டு முடிப்பதற்குள் அந்த ஒரு தட்டு விழுந்தது.

"அப்ப பொங்கலுக்கு வர சொல்லட்டா?"

டங் டங். நிறுத்துவார் என்று பார்த்தேன். டங் டங், டங் டங், டங் டங். வண்டி லேட்டாகிவிட்டால் டிரைவரை விரட்ட அடிப்பார் என்று சொல்வாயே, அந்த அடி. கட்டில் நகர்ந்து சுவரில் இடித்தது. நான் சிரிக்கிறேன், அவரும் ஒரு பக்க வாயால் சிரிக்கிறார், கை மட்டும் நிற்கவில்லை.

மதிலுக்கு மேலே அங்கம்மா தலை முளைத்தது. "ஏய் சுதா, இன்னா சத்தம் அது? மறுபடி ஆரம்பிச்சிட்டியா?"

"அவரு பேசிகினு கீறாரு, கம்னு இரு!" என்று கத்தினேன்.

பஸ் நம்பரை எழுது. குமணன்சாவடியில் தேவராஜ் வண்டியோடு நிற்பான். இங்கே வரவேண்டியவன் வந்து சேரும்வரை உடம்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சுதா